பொறி வராத டர்ட் பைக்: சிடிஐ வாங்கும் முன் கையில் இருக்க வேண்டிய கருவிகள்

கிக்கரை அடித்து அடித்துக் கால் ஓய்ந்த பிறகு பலர் செய்யும் முதல் காரியம், புது சிடிஐ (பிளக்கில் பொறி வரச் செய்யும் மின்னணுப் பெட்டி) ஒன்றை ஆர்டர் போடுவது. அது வந்து மாட்டியும் வண்டி எழாவிட்டால் அடுத்து காயில், அதற்கடுத்து ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் காயில்கள் உள்ள தட்டு). மாட்டிப் பார்த்த எலக்ட்ரிகல் பாகத்தைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வதும் அபூர்வம். இந்தப் பாகங்களில் ஒன்றின் விலைக்குள் அடங்கிவிடும் நான்கைந்து கருவிகள் இருந்தால் கோளாறு எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கருவிகளும், அவை காட்டிக்கொடுத்த பின் வாங்கும் மாற்றுப் பாகங்களும் எப்படிப்பட்டவை, எதை நம்பலாம், எதில் ஏமாற வாய்ப்பு உண்டு என்பதுதான் இந்த மதிப்பாய்வு.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். சிடிஐ யூனிட்டை வீட்டில் நேரடியாகச் சோதிக்க வழி கிடையாது. பிசின் ஊற்றி மூடிய பெட்டி அது. அதற்குள் போவதையும் அதிலிருந்து வருவதையும்தான் அளக்க முடியும். இரண்டையும் அளக்காமல் “சிடிஐ போச்சு” என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

கார்புரேட்டர் வைத்த, கிக் ஸ்டார்ட் டர்ட் பைக்குகளில் பெரும்பாலானவை பேட்டரி இல்லாத ஏசி சிடிஐ முறையில் ஓடுபவை. கிராங்க் முனையில் சுற்றும் மேக்னட், ஸ்டேட்டரில் உள்ள சோர்ஸ் காயிலில் நூறிலிருந்து சில நூறு வோல்ட் வரை உண்டாக்கும். அது சிடிஐக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் போய்ச் சேரும். மேக்னட்டின் வெளிப்புறத்தில் உள்ள மேடு பல்சர் காயிலைக் கடக்கும்போது ஒரு சின்ன துடிப்பு எழும்; அது சிடிஐக்குள் சுவிட்ச் போல வேலை செய்யும் தைரிஸ்டரைத் திறந்துவிட, கெப்பாசிட்டரில் தேங்கியிருந்ததெல்லாம் ஒரே வீச்சில் இக்னிஷன் காயிலின் பிரைமரியில் பாயும். செகண்டரி பக்கம் அது பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பொறியாகிறது. சோர்ஸ், பல்சர், சிடிஐ, காயில், கேப் (பிளக்கின் மேல் மாட்டும் மூடி), பிளக், இவற்றோடு கில் சுவிட்சும் எர்த்தும். சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் இவ்வளவுதான். பேட்டரியில் ஓடும் டிசி சிடிஐ, டிரான்சிஸ்டர் இக்னிஷன் வண்டிகளுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஸ்பார்க் டெஸ்டர்: முதலில் வாங்க வேண்டியது

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ஹெட் மீது வைத்து கிக் அடித்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது காலங்காலமான வழக்கம். பொறி அறவே இல்லை என்றால் அந்தச் சோதனை பொய் சொல்லாது. பொறி வந்தால்தான் ஏமாற்றும். பிளக் இடைவெளி 0.7 மி.மீ. அளவுதான். திறந்த காற்றில் அவ்வளவு தூரம் தாண்ட சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறும்போது அதே இடைவெளியைத் தாண்டத் தேவைப்படும் வோல்டேஜும் ஏறிவிடும். நோஞ்சான் காயில்கூட வெளியே அழகாகப் பொறி விடும், உள்ளே போனதும் அடங்கிவிடும். “பொறி நல்லா வருது, கார்புரேட்டர்ல தான் கோளாறு” என்று கார்புரேட்டரை நாலு முறை பிரித்து மாட்டும் கதைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மருந்து, இடைவெளியை மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர். கேப்புக்குள் ஒரு முனை போகும், மறுமுனை கிளிப் மூலம் எஞ்சினில் எர்த் ஆகும், நடுவில் திருகு சுற்றி இடைவெளியை வைத்துக்கொள்ளலாம். 6 மி.மீ. வைத்து கிக் அடியுங்கள். யமஹாவின் சர்வீஸ் மேனுவல்கள் குறைந்தபட்சப் பொறி நீளமாகக் கேட்பது இந்த 6 மி.மீ.தான். ஒவ்வொரு கிக்குக்கும் விடாமல், நீலமும் வெள்ளையும் கலந்து, சட்டென்று சத்தத்தோடு தாண்டினால் அந்த நிமிடம் இக்னிஷனின் வலுவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 3 மி.மீ.க்கே திணறினாலோ, மெல்லிய ஆரஞ்சு இழையாக வந்தாலோ, இரண்டு கிக்குக்கு ஒரு முறை தவறினாலோ நோய் இருக்கிறது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப அது மாறித் தெரியும். தூரம் மாறாது. எவ்வளவு தாண்டுகிறது பார்ப்போம் என்று 10 மி.மீ.க்கு மேல் திறந்து வைத்து அடிக்கவும் வேண்டாம். வெளியேற வழி கிடைக்காத வோல்டேஜ் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்து வழி தேடிக்கொள்ளும்.

கேப்புக்கும் பிளக்குக்கும் நடுவில் மாட்டும் விளக்கு வகை டெஸ்டர்களும் கிடைக்கின்றன. அவை விலை குறைவு, பார்க்கவும் கவர்ச்சி. ஆனால் வோல்டேஜ் போகிறதா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது. ஓடும்போது விட்டு விட்டு நிற்கும் வண்டியில், பொறி அறுபடும் தருணத்தைப் பிடிக்க அந்த வகை உதவும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் திருகு வைத்ததையே வாங்குங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: கிளிப்பின் ஸ்பிரிங் பிடியாக இருக்க வேண்டும். கிக் அடிக்கும் குலுக்கலில் கிளிப் நழுவினால் சோதனையும் பொய், காயிலுக்கும் ஆபத்து. இடைவெளி அளவு மி.மீ.யில் பொறித்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் 6 மி.மீ. டிரில் பிட் ஒன்றை நடுவில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். முனைகள் கூராக இருக்க வேண்டும். மலிவு வகைகளில் கிளிப்போடு வயர் சேரும் இடத்தில் அழுத்திப் பிடித்திருப்பது தளர்வாக இருக்கும். இழுத்துப் பாருங்கள், ஆடினால் சால்டர் வைத்துவிடுங்கள். கிளிப்பை பெயின்ட் அடித்த இடத்தில் மாட்டாமல் எஞ்சினின் வெறும் போல்ட் தலையிலோ ஹெட் ஃபின்னிலோ மாட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு கிக் அடித்தால் பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி பீய்ச்சியடிக்கும், அதுவும் ஓவர்ஃப்ளோ ஆன டூ ஸ்ட்ரோக்கில் மிக அதிகம். டெஸ்டர் அதன் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். டெஸ்டரை ஓட்டையிலிருந்து தள்ளி, மறுபக்கம் மாட்டுங்கள். பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள்.

இன்னொரு பயனும் உண்டு. கேப் திருகி மாட்டும் வகையாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு டெஸ்டரை நேராக ஹெச்டி வயரிலேயே (காயிலிலிருந்து கேப்புக்கு வரும் தடித்த வயர்) மாட்டிப் பாருங்கள். கேப்போடு வராத பொறி, கேப் இல்லாமல் வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான், செலவும் மிகக் குறைவு. ஆட்களில் அடிக்கடி அகப்படுபவன் இவன்தான். உள்ளே உள்ள ரெசிஸ்டர் எரிந்து அறுந்திருக்கும், அல்லது வயருக்குள் இறங்கிய திருகு பச்சை பிடித்திருக்கும். வயர் நுனியில் 5 மி.மீ. வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் செம்பு தெரியும் இடத்தில் கேப்பை மறுபடி திருகினாலே பல வண்டிகள் எழுந்துவிடும்.

கில் சுவிட்சும் எர்த்தும்: கருவி தேவைப்படாத சோதனை

பேட்டரி இல்லாத வண்டிகளில் கில் சுவிட்ச் என்பது சிடிஐயை எர்த்தோடு சேர்த்து அணைப்பது. சேறும் தண்ணீரும் புகுந்து சுவிட்ச் தானாகவே சேர்ந்து கிடந்தால், அல்லது அதன் வயர் ஹெட்ஸ்டாக் பக்கம் உரசி இன்சுலேஷன் தேய்ந்து ஃபிரேமைத் தொட்டால், எல்லாப் பாகமும் நன்றாக இருந்தும் பொறி வராது. சுவிட்சுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிவிட்டு கிக் அடியுங்கள், அவ்வளவுதான். ஹோண்டா வண்டிகளிலும், அந்த வடிவத்தைப் பின்பற்றும் பிட் பைக்குகளிலும் (சிறிய டர்ட் பைக்) வழக்கமான வயர் நிறங்கள் இவை: கறுப்பு வெள்ளை கில், பச்சை எர்த், கறுப்பு சிவப்பு சோர்ஸ், நீலம் மஞ்சள் அல்லது நீலம் வெள்ளை பல்சர், கறுப்பு மஞ்சள் காயிலுக்குப் போவது. முந்தைய சொந்தக்காரர் மாற்றி ஒட்டியிருக்கலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் வயர் எங்கே போய் முடிகிறது என்று தொடர்ந்து பார்த்துவிடுங்கள்.

கில் வயரைக் கழற்றி வைத்த நிலையில் வண்டி எழுந்தால் அணைக்க வழி இருக்காது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கியரில் போட்டு கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். ஸ்டாண்டில் ஏற்றி வைத்துக்கொண்டு அது முடியாது. பேட்டரி உள்ள வண்டிகளில் சில, கில் சுவிட்ச் ஆன் நிலையில் சேர்ந்திருந்தால்தான் ஓடும். அங்கே கனெக்டரைக் கழற்றினால் நல்ல வண்டியும் எழாது. வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எர்த் விஷயத்தில், இக்னிஷன் காயிலை ஃபிரேமில் பிடிக்கும் போல்ட்டே பல வண்டிகளில் எர்த் வழி. ஃபிரேமுக்குப் புதிதாக பவுடர் கோட்டிங் அடித்த பிறகு “பொறி போச்சு” என்று வரும் வண்டிகளின் ரகசியம் இதுதான். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டி இறுக்கினால் முடிந்தது. பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் டேங்க்கடியில் உள்ள கனெக்டர் ஒவ்வொன்றையும் பிரித்துப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவி மூடுங்கள். கனெக்டரின் பெண் முனை விரிந்திருந்தால் ஊசியால் சற்று நெருக்கிவிடுங்கள். இவ்வளவுக்கும் மல்டிமீட்டர்கூட வேண்டியதில்லை.

மல்டிமீட்டர்: அவசியம்தான், ஆனால் அதன் சொல்லே முடிவல்ல

சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். 200 ஓம் ரேஞ்சில் 0.1 ஓம் வரை காட்ட வேண்டும். டிசி வோல்ட்டில் உள் தடை 10 மெகா ஓம் இருக்க வேண்டும். அடுத்துச் சொல்லப்போகும் அடாப்டருக்கு அது கட்டாயம். ஆட்டோ ரேஞ்ச் மீட்டர்கள் சிலவற்றில் எண் நிலைக்க நேரமாகும், கிக் அடித்து அளக்கும் வேலையில் அது தொல்லை. கையால் ரேஞ்ச் மாற்றும் பழைய வகையே இங்கே எனக்குப் பிடித்தது.

அளக்கும் முன் இரண்டு புரோப்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 ஓம் காட்டினால் அதை ஒவ்வொரு முறையும் கழிக்க வேண்டும். சிடிஐ வண்டிகளின் காயில் பிரைமரி பொதுவாக 1 ஓமுக்குள்தான் இருக்கும், அங்கே 0.3 என்பது சின்ன விஷயமில்லை. டிரான்சிஸ்டர் இக்னிஷன் காயில்களில் பிரைமரி 2 முதல் 4 ஓம் வரை போகும். இந்த இரண்டு வகைக் காயில்களையும் மாற்றி மாட்டக் கூடாது, கனெக்டர் பொருந்தினாலும் கூடாது. செகண்டரி பல ஆயிரம் ஓம். கேப்பைக் கழற்றிவிட்டு அளங்கள். கேப் தனியாகச் சுமார் 5,000 ஓம் காட்டும்: என்ஜிகே எல்பி05எஃப் போன்ற கேப்களின் பெயரில் உள்ள 05 இந்த 5 கிலோ ஓமைக் குறிப்பதுதான். அளவு பல மடங்கு ஏறியிருந்தாலோ ஓப்பன் (இணைப்பு அறுந்தது) காட்டினாலோ தூக்கிப் போடுங்கள். பெயரில் ஆர் எழுத்து உள்ள பிளக்குகளுக்கு, பிஆர்8இஎஸ் மாதிரி, உள்ளேயே ரெசிஸ்டர் உண்டு. அதையும் இதே போல மேல் முனைக்கும் நடு எலக்ட்ரோடுக்கும் இடையில் அளக்கலாம்.

பல்சர் காயில் பெரும்பாலும் 100 முதல் 400 ஓமுக்குள் அமையும். சோர்ஸ் காயில் வண்டிக்கு வண்டி வெகுவாக மாறும், இரண்டு சோர்ஸ் காயில் உள்ள வண்டிகளும் உண்டு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் எண் இல்லாமல் இங்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த எண்கள் 20 டிகிரி செல்சியஸில் எடுத்தவை என்பதையும் மறக்க வேண்டாம். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். எஞ்சின் சூட்டில், 80 டிகிரியில் அளந்தால் 300 ஓம் காயில் 370 காட்டும். அது கோளாறு அல்ல.

மீட்டர் எங்கே தவறவிடும்? காயிலை அளக்க அது அனுப்புவது ஓரிரண்டு வோல்ட். அந்த அழுத்தத்தில் தாக்குப்பிடிக்கும் வெடித்த எனாமல், 200 வோல்ட் வரும்போது பக்கத்துச் சுற்றோடு சேர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான சுற்றில் பத்துச் சுற்று ஷார்ட் ஆனாலும் ஓம் கணக்கில் வித்தியாசம் தெரியாது. மீட்டர் “கெட்டது” என்றால் நம்புங்கள். “நல்லது” என்று சொன்னால் பாதிதான் நம்புங்கள்.

குளிரில் ஓடி, சூடானதும் நின்று, அரை மணி ஆறியபின் மறுபடி ஓடும் வண்டிக்கு ஒரு தனிச் சோதனை. ஸ்டேட்டர் கனெக்டரில் மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டு ஹேர் டிரையரால் காயிலைச் சூடாக்குங்கள். தடை மெதுவாக ஏறிக்கொண்டே போனால் சரி. திடீரென ஓப்பனுக்குத் தாவினால் உள்ளே சால்டர் இணைப்போ கம்பியோ விரிசல் விட்டு, சூட்டில் விலகுகிறது. இந்த இடத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வால்வ் கிளியரன்ஸ் இறுகிப் போன எஞ்சினும் சூட்டில் இதே போல எழ மறுக்கும். சூடாக, நின்ற அந்த நிமிடத்திலேயே ஸ்பார்க் டெஸ்டரில் 6 மி.மீ. தாண்டினால் ஸ்டேட்டரை விட்டுவிட்டு ஃபீலர் கேஜை எடுத்து வால்வ் இடைவெளியை அளங்கள்.

பீக் வோல்டேஜ் அடாப்டர்: அதிகம் பேருக்குத் தெரியாத, இந்தத் தொகுப்பின் உண்மையான நாயகன்

சிடிஐயின் துடிப்பு மிகக் குறுகியது. சாதாரண மீட்டர் அதைப் பிடிக்காது, பிடித்தாலும் சராசரி எடுத்து அர்த்தமில்லாத எண்ணைக் காட்டும். பீக் வோல்டேஜ் அடாப்டர் மீட்டருக்கும் வயருக்கும் நடுவே மாட்டும் சிறு பெட்டி. துடிப்பின் உச்சத்தைக் கெப்பாசிட்டரில் பிடித்து வைத்து, மீட்டர் நிதானமாகப் படிக்கும்படி செய்யும். ஹோண்டா தன் மேனுவல்களில் இதற்கென ஓர் அடாப்டரையும், 10 மெகா ஓம் மீட்டரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. மோஷன் புரோ நிறுவனத்தின் இக்னிஷன்மேட்டும் இதே வேலைக்கானது.

இதை வைத்து எடுக்கும் மூன்று அளவுகள் சிடிஐ பற்றிய ஊகத்தை ஒழித்துவிடும். காயில் பிரைமரி வயரில் ஒன்று, பல்சர் வயரில் ஒன்று, சோர்ஸ் வயரில் ஒன்று. ஹோண்டாவின் ஏசி சிடிஐ வண்டிகளுக்கு மேனுவல் கேட்கும் குறைந்தபட்சம் பிரைமரியில் 100 வோல்ட், பல்சரில் 0.7 வோல்ட். சிலிண்டரில் பிளக் மாட்டியபடியே இருக்கட்டும். வேறொரு நல்ல பிளக்கைக் கேப்பில் மாட்டி எர்த் செய்துகொள்ளுங்கள். அளவு எடுக்கும்போது புரோப் முனையைத் தொடாதீர்கள். சோர்ஸ் பக்கமும் பிரைமரி பக்கமும் தூக்கி எறியும் அளவுக்கு அடிக்கும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, புரோப்களை முதலிலேயே கிளிப்பில் மாட்டிவிட்டுப் பிறகு கிக் அடியுங்கள். தயங்காமல், முழு வீச்சில் அடிக்க வேண்டும். மேக்னட்டின் வேகம் குறைந்தால் வோல்டேஜும் குறையும், நல்ல ஸ்டேட்டர்கூடத் தோற்றதுபோல் தெரியும்.

பிரைமரியில் வோல்டேஜ் சரியாக வந்தும் பிளக்கில் பொறி இல்லை என்றால் கோளாறு காயிலிலோ வயரிலோ கேப்பிலோதான். சிடிஐ, ஸ்டேட்டர் இரண்டையும் அந்த நொடியே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். பிரைமரியில் குறைந்து, சோர்ஸும் பல்சரும் சரியாக இருந்தால், கில் வயரைக் கழற்றியும் எர்த்தைச் சரிபார்த்தும் மாற்றமில்லாதபோதுதான் சிடிஐ மேல் கை வைக்க வேண்டும். சோர்ஸ் அல்லது பல்சர் குறைந்தால், முதலில் சிடிஐ முனையில் அளந்ததை ஸ்டேட்டரிலிருந்து வரும் கனெக்டரிலேயே மறுபடி அளங்கள். அங்கே சரியாக வந்தால் நடுவில் உள்ள ஹார்னெஸ் (வயர் கட்டு) தான் தின்றுவிடுகிறது. இந்த வரிசையைத் தாண்டிப் போவதில் எந்த லாபமும் இல்லை.

இதற்கும் குறை உண்டு. மீட்டரின் உள் தடை மாறினால் எண் மாறும். ஆகவே வேறொருவர் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதைவிட, வண்டி நன்றாக இருக்கும்போதே மூன்று அளவையும் எடுத்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் 1000 வோல்ட் தாங்கும் 1என்4007 டயோடு, 630 வோல்ட்டுக்குக் குறையாத கெப்பாசிட்டர், அதை வடிக்க மெகா ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வைத்து வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். சோர்ஸ், பிரைமரி அளவுக்கு அது தோராயமாக உதவும். பல்சருக்கு உதவாது. டயோடே அரை வோல்ட்டைச் சாப்பிட்டுவிட்டால் 0.7 வோல்ட்டில் என்ன மிஞ்சும்? அளந்த பின் அந்தக் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேக்னட் புல்லர்

இதில் சிக்கனம் வேண்டாம், மாற்று வழியும் வேண்டாம். மூன்று கால் புல்லரை விளிம்பில் மாட்டி இழுத்தால் மேக்னட் வளையும். சுத்தியலால் அடித்தால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விடுபடும், கிராங்கும் அடிவாங்கும். உங்கள் மாடலுக்கான மரை அளவு, பிட்ச், மரை உள்ளேயா வெளியேயா, வலமா இடமா என்ற நான்கையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஜப்பானிய மோட்டோகிராஸ் வண்டிகள் பலவற்றில் 27 மி.மீ., 1.0 பிட்ச், இடது மரை வரும். இடது மரை என்று தெரியாமல் வலப்பக்கம் திருகி மேக்னட்டின் மரையைத் தின்றுவிட்டால் அதன்பின் சுலபமான வழி எதுவுமில்லை.

புல்லரை அடிவரை முழுதாக ஏற்றுங்கள், நாலு மரையில் நிறுத்தாதீர்கள். நட்டைக் கிராங்க் நுனி மட்டத்துக்கு விட்டு வைத்தால் கிராங்க் மரை தப்பும். நடு போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் ‘டக்’ என்று விடும். விடாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித் தட்டுங்கள். நல்ல புல்லரின் நடு போல்ட் முனை உருளாது, பிதுங்காது. மலிவானதில் இரண்டாம் முறையே காளான் போல் விரியும்.

உள்ளே பார்க்க வேண்டிய முதல் பொருள் அரைவட்டக் கீ. பொறி நன்றாக வந்தும் கிக்கர் திருப்பி உதைத்தாலோ, சைலன்சரில் வெடித்தாலோ, கீ பாதி வெட்டுப்பட்டு டைமிங் விலகியிருக்க வாய்ப்பு உண்டு. கீயின் வேலை இடம் காட்டுவது மட்டுமே. மேக்னட்டைப் பிடித்திருப்பது கூம்பின் இறுக்கம். அதனால் மாட்டும்போது கிராங்க் கூம்பையும் மேக்னட் துளையையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, உலர்ந்த நிலையில் சேர்த்து, மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். அங்கே கிரீஸ் தடவினால் அடுத்த கீயும் வெட்டுப்படும். ஸ்டேட்டர் தட்டைக் கழற்றும் முன் தட்டிலும் கிராங்க்கேஸிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள், நீள்துளை உள்ள தட்டுகளில் அந்தக் கோடுதான் டைமிங். காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் துகளையும் துடைத்துவிடுங்கள்.

மாற்றுப் பாகங்கள்

பிளக்கும் கேப்பும்: பெயர் பெற்ற கம்பெனியுடையது, வண்டிக்குச் சொன்ன ஹீட் ரேஞ்ச் (பிளக் வெப்பத்தைக் கடத்தும் அளவு). என்ஜிகே எண்ணில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சி ரகம். பிளக் கறுப்பாகிறதே என்று சூட்டு ரகத்துக்குத் தாவ வேண்டாம், கார்புரேட்டரின் ஜெட்டிங்கைப் (பெட்ரோல் அளவு) பாருங்கள். புதுப் பிளக்கைக் கையால் உட்காரவைத்த பின் அரைச் சுற்று. கழற்றி மாட்டும் பழைய பிளக் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு சுற்று போதும். போலிப் பிளக்குகள் ஏராளம் என்பதால் நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

வேறு கம்பெனி சிடிஐகளைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கடுமையானது. கனெக்டர் பொருந்துவதால் உள்ளே இருக்கும் டைமிங் வளைவும் பொருந்திவிடாது. “ரேசிங்” என்று அச்சிட்டு வரும் பிட் பைக் சிடிஐகளில் ரெவ் லிமிட்டர் இருக்காது. அதைச் சிறப்பு என்று விற்கிறார்கள். வால்வ் ஸ்பிரிங் தாங்காத வேகத்துக்கு எஞ்சினை விடுவதில் என்ன சிறப்பு? ஓட்டத்தில் இருந்து கழற்றிய, சோதித்த பழைய ஒரிஜினல் கிடைத்தால் அதுவே மேல். ஏசி சிடிஐ வண்டிக்கு டிசி சிடிஐயோ, மாற்றியோ மாட்டினால் வேலை செய்யாது, யூனிட்டும் எரியலாம்.

மாற்று ஸ்டேட்டர்களில் நல்லதும் உண்டு, அடி மட்டமானதும் உண்டு. பெட்டியைப் பிரித்ததும், மாட்டும் முன்பே, சோர்ஸ், பல்சர் இரண்டின் தடையையும் அளந்து மேனுவல் எண்ணோடு வையுங்கள். எர்த் ஆகக் கூடாத காயில் தட்டோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காயில்களின் மேல் பிசின் முழுதாக மூடியிருக்க வேண்டும். சுற்று ஆடினால் அதிர்விலேயே அறுந்துவிடும். வயர் வெளியேறும் ரப்பர் கிராமெட் கேஸில் இறுக்கமாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழியாகத்தான் தண்ணீர் புகும். பழைய தட்டு நன்றாக இருந்து காயில் மட்டும் போயிருந்தால், அனுபவமுள்ள வைண்டரிடம் கொடுத்துத் திரும்பச் சுற்றுவது கௌரவமான வழி. அதே கம்பித் தடிமன், அதே சுற்று எண்ணிக்கை, அதே திசை என்ற மூன்றையும் அவர் குறித்துக்கொண்ட பிறகே பழையதைப் பிரிக்க வேண்டும்.

பல்சர் வயர் இரண்டும் இடம் மாறி வரும் மாற்று ஸ்டேட்டர்கள் உண்டு. அப்போது பொறி வரும், வலுவாகவும் வரும், ஆனால் தவறான நேரத்தில் வரும். வண்டி எழும், வேகம் எடுக்காது, அல்லது கிக்கர் உதைக்கும். இதைக் கண்ணால் பார்க்க ஒரே வழி டைமிங் லைட் (பொறி விழும் நொடியில் மின்னும் விளக்கு). பேட்டரி இல்லாத வண்டிக்கு அதை வெளியே ஒரு 12 வோல்ட் பேட்டரியில் மாட்டி, பிக்கப் கிளிப்பை ஹெச்டி வயரில் போட்டு, ஐடிலில் மேக்னட்டின் எஃப் குறி (பொறி விழ வேண்டிய இடத்தின் அடையாளம்) கேஸில் உள்ள கோட்டுக்கு நேரே நிற்கிறதா என்று பாருங்கள். குறி வெகு தூரம் தள்ளி நின்றால் பல்சரின் இரண்டு வயர்களையும் கனெக்டரில் இடம் மாற்றி மாட்டி மறுபடி லைட் அடியுங்கள். பல்சரின் ஒரு முனை தட்டிலேயே எர்த் ஆகியிருந்தால் இப்படி மாற்ற வழியில்லை. அந்த ஸ்டேட்டரை, மேலே கீறல் விழும் முன், பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.